பிஸ்டனுக்குப் பேர் பிஸ்கட்

ஏப்ரல் 11

கார் வரும் என்று காலையிலிருந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தது கார் அல்ல, கார்மூட்டை. மினி லாரியிலிருந்து சாக்கு சாக்காக இறக்கினார்கள். கடைசியில் ஒரு கூடு. கதவில்லை, கண்ணாடியில்லை, சக்கரமில்லை. பச்சையும் துருவுமாக அதைத் தோளில் வைத்து ஆட்கள் தூக்கி வந்தார்கள். முன்னால் சங்கு ஊத ஒரு ஆள் மட்டும்தான் பாக்கி என்றேன். அக்கா முறைத்தாள்.

1953ஆம் வருட மோரிஸ் மைனர். இந்த மாதிரி வண்டிக்கு ஆன்டிக் கார் என்று பேர். கையில் எடுத்தவன் ஆண்டி ஆவான் என்பதைத்தான் இங்கிலீஷில் மரியாதையாகச் சொல்கிறார்கள் போல. சொந்தக்காரர் ஆறுச்சாமி, மலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டியாம். எப்போதோ ஒரு மெக்கானிக் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டார். எந்த நட்டு எந்த போல்ட்டுக்கு என்கிற விவரமும் அவரோடு விமானம் ஏறிவிட்டது. அதன் பிறகு கோயமுத்தூரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் இதைத் தொடவில்லை. என் அக்கா வளர்மதி தொட்டுவிட்டாள்.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. ஆட்டோமொபைல் டிப்ளமோ. போன வாரம் வரைக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தாள். ஆயில் மாற்றி, பில்டர் மாற்றி, மறுபடி ஆயில் மாற்றிச் சலித்துப்போய், ஒரு வண்டியை முழுசாக என் கையால் எழுப்பிக் காட்டுகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாள். சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தறிக் கொட்டகை இருக்கிறது. அப்பாவும் இல்லை, தறிகளும் இல்லை, கொட்டகை மட்டும் நின்றது. இனி அதுதான் அக்காவின் ஒர்க்‌ஷாப். அம்மா பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட்டப் போகிறார். நான் ப்ளஸ் ஒன் முடித்து லீவில் இருக்கிறேன். லைசென்ஸ் எடுக்கும் வயது வரவில்லை. மைனர் காருக்கு மைனர் கையாள்.

இதற்கு மட்டும் அக்கா சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசுவதே இப்படித்தான். யார் சொல்லை யார் கடித்துக் குதறுவது என்பதில் சின்ன வயதிலிருந்தே போட்டி. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

சாக்குகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினோம். கொட்டகையின் பாதி நிறைந்துவிட்டது. ஒரு காருக்குள் இத்தனை சாமான் இருக்கும் என்று தெரிந்திருந்தால் இத்தனை வருடம் நம்பி ரோட்டைக் கடந்திருக்க மாட்டேன். அக்காவுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். தலைவலி என்றாள்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. பாயசம் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனோம்.

அக்காவின் திட்டம் இது. பெயின்ட் பிறகு. முதலில் எல்லாவற்றையும் கழுவி, ஒரு தடவை வெறும் கூட்டில் பூட்டிப் பார்க்க வேண்டும். எது இருக்கிறது, எது காணோம் என்று அப்போதுதான் தெரியும். இன்று இஞ்சினைக் கையில் எடுத்தோம். நாலு பிஸ்டனும் கரி பிடித்துக் கிடந்தன. அக்கா திரும்பாமலேயே, அந்த நாலு பிஸ்கட்டையும் பெட்ரோலில் ஊறப் போடுடா என்றாள்.

டீ தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

சாயந்திரம், பிஸ்கட் ஊறிவிட்டதா பார்க்கட்டுமா என்று கேட்டேன். எந்த பிஸ்கட் என்றாள். நிஜமாகவே கேட்டாள்.

ஏப்ரல் 19

அக்கா கூட்டுக்கு அடியில் படுத்திருந்தாள். கையை மட்டும் வெளியே நீட்டி, பதினாலாம் நம்பர் ஸ்பூனை எடு என்றாள். ஆட்டம் ஆரம்பம் என்று நினைத்து ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து சாம்பார்க் கரண்டியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன்.

கை உள்ளே போனது. கரண்டி வெளியே வந்தது. ஸ்பூன் கேட்டால் இதைத் தருகிறாயே என்றாள். அதுவும் ஸ்பூனுக்கு அண்ணன்தானே என்றேன். ஸ்பூன், ஸ்பூன், காது கேட்கவில்லையா என்று கத்தினாள். பிறகு அவளே வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை. கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரில் தொங்கிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனாள்.

அக்கா சிரிக்காமல் நடிப்பதில் கெட்டிக்காரி. ஒரு தடவை நாள் முழுக்க என்னைத் தெரியாதவள் போலவே நடந்துகொண்டாள். அதனால் சிரிப்பாள் என்று சாயந்திரம் வரை காத்திருந்தேன்.

சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20

ஸ்பூன் விஷயத்தைப் பற்றி இனி யோசிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 28

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் ஒரு சோதனை வைத்தேன்.

என்னுடைய குறும்பில் பழையது போன் குறும்பு. வேறு நம்பரிலிருந்து, குரலை மாற்றிக் கூப்பிடுவேன். அக்கா முதல் வார்த்தையிலேயே பிடித்துவிட்டு, பதிலுக்கு என்னைத் திணற அடிப்பாள். இன்று நண்பன் ஜோயலின் போனை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். நான் கரூரிலிருந்து பேசறேனுங்க, உங்களிடம் ஒரு பழைய பிளைமவுத் கார் கொடுக்க வேண்டும், ஓட்டினால் ப்ளை, நிறுத்தினால் மவுத் என்றேன். மட்டமான ஜோக். வேண்டுமென்றேதான் மட்டமாகச் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ‘ஆங்... ஆங்...’ என்றாள். பிறகு காலடிச் சத்தம். சுவரைச் சுற்றிக்கொண்டு அவளே என் எதிரில் வந்து நின்றாள். தன் போனை என்னிடம் நீட்டினாள். பேசு என்று கையால் காட்டினாள். கண் கலங்கியிருந்தது.

என் காதில் இன்னொரு போன் இருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

அவள் போனை வாங்கினேன். என்னிடம் நானே, அக்கா வேலையாக இருக்கிறாங்க, அப்புறம் கூப்பிடுங்க என்று சொன்னேன். வைத்தேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

மே 4



இஞ்சினைக் கூட்டுக்குள் இறக்கிப் பார்க்கும் நாள் இன்று. விட்டத்திலிருந்து செயின் பிளாக்கில் இஞ்சினைத் தொங்கவிட்டோம். சங்கிலி என் கையில். அக்கா குனிந்து, இஞ்சின் உட்காரும் இடத்தில் ரப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இந்த வேலையில் ஒரே சட்டம்தான். சங்கிலி பிடிப்பவன் சொந்தமாக யோசிக்கக் கூடாது. குனிந்திருப்பவரின் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே செய்ய வேண்டும். ஏற்றச் சொன்னால் ஏற்ற வேண்டும், இறக்கச் சொன்னால் இறக்க வேண்டும்.

‘எறக்கு’ என்றாள். இறக்கினேன்.

‘எறக்கு, எறக்கு’ என்றாள். இறக்கினேன்.

‘எறக்குடா... எறக்கு’ என்று அலறினாள். மெதுவாக இறக்குகிறேன் என்று திட்டுகிறாள் என நினைத்து வேகமாக இழுத்தேன். அதன் பிறகு வந்த சத்தத்தில் சொல்லே இல்லை.

அக்காவின் இடது கையில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டன. நகம் போய்விட்டது, எலும்பு தப்பித்தது. தெருமுனை கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். சங்கிலி வழுக்கிவிட்டது என்று அம்மாவிடம் அக்கா கையைக் காட்டி விளக்கினாள். நான் தலையாட்டினேன். பார்த்துச் செய்யக் கூடாதா சாமி என்று அம்மா என்னைத்தான் கடிந்துகொண்டார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு கொட்டகையில் கூட்டின் மேல் சாய்ந்துகொண்டு இரண்டு பேரும் நின்றோம்.  அவளாகவே ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தாள்.

“ஏத்துன்னுதான்டா நெனச்சேன். மண்டைல சரியாத்தான் இருக்குது. வாய்க்கு வர்றக்குள்ள வேற ஒண்ணு வந்துருது.”

எப்போதிருந்து என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றாள். சர்வீஸ் சென்டரில் ஒரு கஸ்டமரிடம் சொல்ல வேண்டிய சொல் வராமல் நின்றதும், பின்னால் யாரோ சிரித்ததும்தான் அவள் வேலையை விட்ட உண்மைக் காரணம். ஆயில் மாற்றி அலுத்துப்போனது அதற்குப் பிறகு கண்டுபிடித்த காரணம்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் என் சட்டையைப் பிடித்தாள்.

“இஞ்சின் ஒரு தடவ ஓடட்டும். அது வரைக்கும் அம்மாகிட்டச் சொல்லாத. பேச்சு வராதவகிட்ட ஆருடா வண்டி குடுப்பாங்க?”

சத்தியம் செய்யச் சொன்னாள். கட்டுப்போட்ட கையின் மேல் அடித்துச் சத்தியம் செய்ய முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மே 6

இனி கொட்டகையில் வாய்ப்பேச்சு கிடையாது. கை மேலே போனால் ஏற்று, கீழே போனால் இறக்கு, மூடினால் நிறுத்து. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் விரல் கணக்கு.

எங்கள் ஊரில் இது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. தறிச் சத்தத்தில் யார் பேசுவது யாருக்குக் கேட்கும்? சோமனூரில் பாதிப் பேச்சு கையால்தான். நூல் அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தறிக்காரி மக என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா போகும் வரை அக்கா சிரித்த முகமாகவே இருந்தாள்.

மே 12

ஆறுச்சாமி வந்தார். வேட்டி, கைத்தடி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கூட்டுக்குள் இஞ்சின் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் விரிந்துவிட்டது. என்ன கலர் அடிக்கப் போறே அம்மிணி என்று அக்காவைக் கேட்டார்.

பழைய பச்சையேதான் என்று நாங்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள்.  நான் நடுவில் பாய்ந்தேன். “பச்சைங்க. அக்கா பச்சையாச் சொல்ல வெக்கப்படுறா.”

அவர் குலுங்கிச் சிரித்தார். அதன் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். நடுநடுவே நானும் ஏதாவது கடித்தேன். இந்தப் பிள்ளை வாயே திறக்காமல் வேலை பார்க்கிறது, நீ வாயை மூடாமல் சம்பளம் வாங்குவாயா என்று கேட்டார். எனக்குச் சம்பளமே இல்லைங்க என்றேன். அவர் போகும்போது, இருபத்தைந்தாம் தேதி வருகிறேன், வண்டி தன் காலில் கேட் வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும், பெயின்ட் எல்லாம் மெதுவாக ஆகட்டும் என்றார். அக்கா தலையாட்டினாள்.

அவர் போன பிறகு அக்கா ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.  என்னைப் பார்த்து, “நல்லாத் திருடினடா” என்றாள்.

பேசின என்று சொல்ல வந்தாளா, திருடின என்றே சொன்னாளா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மே 13

பேச்சு மாறி வந்தால் என்ன நோய் என்று போனில் தேடிப் பார்த்தேன். தேடியிருக்கக் கூடாது.

மே 19

பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வேலை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்துக் குழாயின் மூக்கைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்கலாம். அக்காவின் விரலில் கட்டு இருந்ததால் நான் அடியில் படுத்தேன். பேசும் வேலை என்னுடையது என்பதால் பயமில்லை என்று நினைத்தேன்.

அமுக்கு என்றேன். குழாயில் ஒன்றும் வரவில்லை. அமுக்குக்கா என்றேன். வரவில்லை. நான் தூங்கிவிடுவேன் போலிருக்கிறதே என்றேன்.  வெளியே ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தேன்.

அக்கா குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கிப் பெடல் மேல் வைத்தாள். கால் வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தாள். ஒரு சாமானைத் தூக்கி வைப்பது போல இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும், மரத்துப்போச்சு என்று ஜாடை காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் கால் சரியாகிவிட்டது. எழுந்து நடந்தாள். காலண்டரில் இருபத்தைந்தைத் தொட்டுக் காட்டி, ஸ்டீரிங் பிடிப்பது போலக் கையைத் திருப்பிக் காட்டினாள். அவள்தான் ஓட்டப் போகிறாள். கேட்டுக்கு வெளியே ரோடு. ரோட்டில் பாவு நூல் ஏற்றிய லாரிகள், சைக்கிளில் போகும் பிள்ளைகள். அந்தக் கால் அன்றைக்கும் ஒரு நிமிடம் சாமானாகிவிட்டால்?

 

மே 20

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மா தறிக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பேச்சு மாறிப் போகிறது, கால் வரவில்லை, தலைக்குள் என்னவோ ஆகிவிட்டது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் ஒரே மூச்சில் சொன்னேன்.

அம்மா சீப்பை நிறுத்தவே இல்லை. உன் விளையாட்டுக்கு ஒரு அளவு இல்லையா என்றார். போன வருடம் பிளேடை விழுங்கிவிட்டேன் என்று சொல்லி அவரைச் செருப்பில்லாமல் ஓடவிட்டவன் நான். குறை சொல்ல முடியாது.

அம்மாவின் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கினேன். அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அக்கா, இதென்ன?”

நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னை அப்படி அவள் பார்த்ததே இல்லை. தலை வாருவது போலக் கையைக் காட்டினாள்.

“கையில காட்டாத. வாயில சொல்லு.”

“சா... சாவி” என்றாள். அம்மா சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறீர்களா என்றார். டம்ளரைத் தொட்டு இது என்ன என்றேன். டம்ளர் என்று சரியாகச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகவும் இருந்தது, இனி யாரும் நம்ப மாட்டார்கள் என்று கதிகலங்கவும் செய்தது. வேறு வழி தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து அவள் முன்னால் நிறுத்தினேன்.

“இது ஆரு?”

அக்கா அம்மாவைப் பார்த்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது. கண்ணில் எல்லாம் தெரிந்தது, வாயில்தான் ஒன்றுமில்லை. கடைசியில், “அக்கா” என்றாள்.

அம்மாவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “சத்தியம் பண்ணினியேடா” என்றாள். அது மட்டும் ஒரு பிசிறில்லாமல் வந்தது.

மே 22

ஸ்கேன் பார்த்தார்கள். தலைக்குள் இடது பக்கம் கட்டி. பேச்சு இருக்கும் இடத்தை ஒட்டி. மெதுவாக வளர்கிற வகை என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார்.

கட்டி என்ற சொல்லை வைத்து நான் எத்தனையோ செய்திருப்பேன். ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா எப்போதும் அக்காவை ‘வளரு’ என்றுதான் கூப்பிடுவார். இன்று முழுக்க அப்படிக் கூப்பிடவில்லை. கண்ணு, கண்ணு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 25

ஆறுச்சாமிக்கு நான்தான் போன் செய்தேன். குரலை மாற்றாமல் பேசினேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். பிறகு, வண்டியை வேறு எங்கேயும் கொண்டுபோக மாட்டேன், அந்தப் பிள்ளைக்குச் சொல் என்றார். அக்காவிடம் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னிடம் அவள் இன்னும் பேசவில்லை.

ஜூன் 1

வீக்கம் குறைக்கும் மாத்திரையில் அக்காவுக்குப் பேச்சு தெளிந்திருக்கிறது. கால் வருகிறது. ஆனால் மாத்திரை கட்டியைக் கரைக்காதாம். ஆறாம் தேதி ஆபரேஷன்.

அக்கா விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்வார்களாம். டாக்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மூளைக்கு வலி தெரியாது, மேல்தோலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போடுவோம் என்றார். கட்டியை எடுக்க எடுக்க அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் படம் காட்டுவார். அவள் பேர் சொல்ல வேண்டும். பேர் தப்பினால், பேச்சு இருக்கும் இடத்தில் கை படுகிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிடுவார்கள்.

படம் காட்டப் போகிறவர் ஷர்மிளா. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், சென்னைக்காரர். யானை, குடை, மாம்பழம் என்று ஒரு கட்டுப் படம் வைத்திருந்தார். அதோடு, அக்கா தினமும் புழங்குகிற சாமான்களின் படமும் வேண்டும் என்றார். நான் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கி ஒவ்வொன்றாக போட்டோ எடுத்து வந்தேன். அக்கா எல்லாவற்றுக்கும் பேர் சொன்னாள். தடுமாறிய படங்களை ஷர்மிளா எடுத்துவிட்டார். ஸ்பேனர், ரேடியேட்டர், ஸ்டீரிங், பம்பர் எல்லாம் கணீரென்று வந்தன.

ஷர்மிளா போன பிறகு அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம்.

“பயமா இருக்குதாடா?” என்றாள். அன்றைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“இல்லக்கா.”

“எனக்கு இருக்குது” என்றாள்.

ஜூன் 6

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். எழுதாவிட்டால் நகத்தைத் தின்று முடித்துவிடுவேன். அம்மா பக்கத்தில் இருக்கிறார். முந்தானையைச் சுருட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுருட்டுகிறார்.

மொட்டை அடித்த தலையோடு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்போது அவள் கையை உயர்த்தி விரலை மூடிக் காட்டினாள். எங்கள் ஜாடையில் அதற்கு அர்த்தம் நிறுத்து. எதை நிறுத்தச் சொன்னாள்? ஆபரேஷனையா? நான் அழுவதையா?

இதற்கு மேல் உள்ளதை வீட்டுக்கு வந்த பிறகு எழுதுகிறேன்.

நடு ஆபரேஷனில் கதவு திறந்தது. பச்சை உடையில் ஷர்மிளா. அம்மா எழுந்துவிட்டார். ஷர்மிளா என்னைத்தான் கூப்பிட்டார்.

“கோகுல், சீக்கிரம் ஒரு விஷயம். எல்லாப் படத்துக்கும் கரெக்டா சொல்லிட்டு வந்தாங்க. ஸ்டீரிங் படத்துக்கு மட்டும் என்னவோ மாத்திச் சொல்றாங்க. திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன், அதேதான் வருது. டாக்டர் கையை எடுத்துட்டு நிக்கிறார். அந்த எடத்துல இன்னும் கொஞ்சம் கட்டி இருக்கு. பேச்சு அடிபடுதுன்னா அதை விட்டுட்டு மூடிடுவார்.”

“என்னங்க சொல்றா?”

“சுத்தறீங்.”

சென்னைக் காதுக்கு அது உடைந்துபோன ஸ்டீரிங். எங்கள் பக்கத்துக் காதுக்கு அது முழுச் சொல். வாங்க என்பதை வாங் என்றும், சுத்துகிறீர்கள் என்பதைச் சுத்தறீங் என்றும் மரியாதையாக முழுங்குகிற ஊர் எங்களுடையது. ஸ்டீரிங் என்பது சுற்றுகிற சாமான். கேட்டதையே கேட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களும் சுற்றுகிறார்கள். மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா டாக்டரைக் கலாய்க்கிறாள். அவள் வாழ்நாளில் கடித்ததிலேயே உயர்ந்த கடி இதுதான்.

அல்லது இது பிஸ்கட்.

பிஸ்கட்டுக்கும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஸ்பூனுக்கு ஓடிப்போய்க் கரண்டி எடுத்து வந்தேன். அவள் சொல் உடையும்போதெல்லாம் அதை ஜோக் என்று நம்பியவன் நான் ஒருத்தன்தான். இப்போது ஜோக் என்று சொன்னால் டாக்டர் கத்தியை மறுபடி வைப்பார். தப்பாக இருந்தால் அக்காவின் பேச்சை நானே அறுத்தவன் ஆவேன். ஜோக் இல்லை என்று சொன்னால் கட்டியை உள்ளேயே விட்டு மூடிவிடுவார்கள். அது மெதுவாக வளர்கிற வகை.

சங்கிலி மறுபடி என் கையில் இருந்தது.

ஷர்மிளா கடிகாரத்தைப் பார்த்தார்.  என் வாய் தானாகப் பேசியது.

“அவகிட்ட நான் கேட்டேன்னு சொல்லி, ‘சுத்தறது ஆருங்’னு கேளுங்க.”

“யாருங்க?”

“யாருங்க இல்லைங்க. ஆருங். ஹாரன் மாதிரியே கேக்கணும். ஸ்டீரிங் நடுவுல ஹாரன் இருக்கும்ல, அது. அவ சிரிச்சா அது ஜோக்குங்க. சிரிக்கலைன்னா...”

 ஷர்மிளா ‘ஆருங், ஆருங்’ என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். கதவு மூடியது.

 அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் நகம் பதிந்த தடம் இப்போதும் இருக்கிறது. அத்தனை மோசமான ஜோக்கை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை. நல்லதாக ஒன்று சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சிரிப்பு வராததற்கு ஜோக்கே காரணமாகிவிட்டால் என்ன செய்வேன்? கதவின் வட்டக் கண்ணாடியில் யாரோ போனார்கள், வந்தார்கள். வேண்டுவதற்கு ஒரு சாமி பேர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

கதவு திறந்தது. முகமூடிக்கு மேலே ஷர்மிளாவின் கண் மட்டும் தெரிந்தது.

“சிரிக்கல” என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவர் இன்னும் ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது. மறுபடி சொல்லுங்க என்றேன்.

“சிரிக்கல. ‘மொக்கை’ன்னாங்க. டாக்டர் மறுபடி ஆரம்பிச்சுட்டார்.”

கதவு மூடியது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“மொக்கைன்னா நல்லதாடா?”

“நெம்ப நல்லதும்மா” என்றேன்.